துண்டு பிடிக்க ஒரு ஆள்

டாக்டர் டில்லார்ட் கப்பலை விட்டு இறங்கிய அன்றே அவரைத் தமிழர் என்று முடிவு கட்டிவிட்டது ரங்கூன் துறைமுகம். கறுத்த நிறம், நல்ல உயரம், நரைத்த கிருதா, வெள்ளை டிரில் கோட்டு, கையில் தோல் பெட்டி. பாளையங்கோட்டையில் படித்து, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, சீமைக்குப் போய்த் திரும்பிய யாரோ பெரிய மனிதர் என்றார்கள் சாமான் இறக்குகிறவர்கள். நலம் விசாரித்தார்கள். அவர் சிரித்தாரே தவிர ஒரு வார்த்தை தமிழ் பேசவில்லை. படித்த திமிர் என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது.

அதே நேரத்தில் மனநோய் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரான வெள்ளைக்காரத் துரை அமெரிக்காவிலிருந்து வரும் டாக்டரைத் தேடி அவரைக் கடந்து கடந்து போய்க்கொண்டிருந்தார். மூளைநோயைப் பற்றி டில்லார்ட் எழுதிய கட்டுரையைப் படித்து, ஒரு வருஷம் வந்து வேலை செய்யுங்கள் என்று அழைத்தவர் அவர்தான். கட்டுரையில் எழுதியவரின் நிறம் தெரியாதல்லவா. கடைசியில் துறைமுகம் காலியாகி இரண்டு பேர் மட்டும் மிஞ்சியதும், துரை தொப்பியைத் தூக்கி, கட்டுரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஓட்டலில் இவருக்கு அறை இல்லை என்றார்கள். ஷம்சுதீன் ராவுத்தரின் குடைக்கடை மாடியில் அறை இருந்தது.

எங்கள் மாரியம்மன் கோவில் தர்மகர்த்தாவும் லேவாதேவிக்காரருமான வயிரவன் செட்டியாருக்கு மட்டும் அமெரிக்கா என்ற பேச்சில் நம்பிக்கை வரவில்லை. தில்லைராஜன் என்ற பெயர்தான் வெள்ளைக்காரன் வாயில் டில்லார்ட் ஆகிவிட்டது என்று கடைசிவரை சாதித்தார்.

நான் கமலாட்சி. ரங்கூனின் லான்மடா பேட்டையில் தமிழ்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மிஷன் பள்ளியில் படித்ததால் இங்கிலீஷ் வரும். புருஷன் விஷக்காய்ச்சலில் போனபிறகு எனக்குக் கொஞ்சம் கோபமும் வரும். இந்த இரண்டுக்காகவும்தான் பவுனம்மாள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

பவுனம்மாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருந்தாள். அவள் புருஷன் அப்பாசாமி துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். வாய் பேசாத மனிதர். ஆனால் பங்குனித் திருவிழாவில் பம்பை அடித்தால் அவர்மேல் கருப்பசாமி வந்துவிடும். அப்புறம் அவர் பேச்சுக்கு அந்தச் செட்டியாரே கைகட்டி நிற்பார். கருப்பசாமிக்குச் சுருட்டு வேண்டும். பர்மாவில் அதற்குப் பஞ்சமா, கட்டுக்கட்டாக வந்து விழும்.

அந்த வருஷம் சாமி காலம் தப்பி வந்துவிட்டது. சீனர்களின் புது வருஷம். லாத்தா தெருவில் தச்சர் சங்கத்துச் சிங்க ஆட்டம் வந்தபோது, வேலை முடிந்து இடுப்பில் கட்டிய துண்டோடு வந்த அப்பாசாமி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். திடீரென்று ஒரு கத்தல். கூட்டம் விலகியது, டிராம் வண்டி நின்றது, அப்பாசாமி சீனர்களின் மேளத்துக்கு நடுத்தெருவில் சாமியாடிக்கொண்டிருந்தார். ஆடினதோடு விட்டிருக்கலாம். எதிரே நின்ற வெள்ளைக்கார சார்ஜெண்டின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

கோவில்காரர்கள் ஓடிப்போய், "இது எங்கள் வழக்கம், ஆளை விடுங்கள்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் செட்டியாருக்குக் கௌரவம் குறுக்கே நின்றது. சீனன் மேளத்துக்கு நம் கருப்பசாமி வந்தார் என்று எந்த முகத்தோடு ஒப்புக்கொள்வது? நாளைக்கு லாத்தா தெருக்காரன் நம்மை என்ன நினைப்பான்? ஆகவே வந்தது சாமியே அல்ல, சுத்தப் பைத்தியம் என்று அவரே துரையிடம் சாட்சி சொல்லிவிட்டு வந்தார். ஒரு மனிதனைப் பைத்தியமாக்கிச் சாமியின் மானத்தைக் காப்பாற்றிய தர்மகர்த்தாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பைத்தியம் என்று துரை எழுதிவிட்டால் அப்பாசாமியை அடுத்த கப்பலில் மதராசுக்கு அனுப்பி, அங்கே உள்ள ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவார்கள். இந்தியாவில் அவர்களுக்கு யாரும் கிடையாது. பவுனம்மாள் துறைமுகத்துக் கொட்டகையில் பிறந்தவள். புருஷனைக் கப்பலில் ஏற்றிவிட்டால் அதோடு சரி என்று அவளுக்குத் தெரியும். துரை தன் முடிவை எழுதுமுன் விசாரித்துச் சொல்லும்படி டில்லார்டிடம் கேஸைக் கொடுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியாக ராஜரத்தினம் என்று ஒருவர் இருந்தார். பவுனம்மாள் மூச்சு விடாமல் பேசுவதை அவர் "இல்லை என்கிறாள்" என்று சுருக்கிவிடுவார். இரண்டாம் நாள் அவரை அவள் அறையைவிட்டே விரட்டிவிட்டாள். அதற்குப்பிறகுதான் நான் போனேன்.

டாக்டர் மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றார். ரங்கூனில் எனக்காக எழுந்து நின்ற முதல் டாக்டர் அவர். உங்கள் கணவருக்கு முதன்முதலில் இப்படி ஆனது எப்போது என்று ஆரம்பித்தார். பவுனம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"டீச்சரம்மா, இவரு கேட்டுக்கிட்டே போவாரு, நான் சொல்லிக்கிட்டே இருக்கணுமா? எங்க ஆளப் பத்தி அம்புட்டும் சொல்லப்போறேன். இவரு யாரு, எந்த ஊரு, யாரு மகன்னு எனக்குத் தெரிய வேணாமா? அவரு ஒண்ணு கேட்டா நானும் ஒண்ணு கேப்பேன்னு சொல்லுங்க."

நான் சங்கடத்தோடு மொழிபெயர்த்தேன். டாக்டர் யோசித்தார். இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியின் வீட்டாரும் அப்படிக் கேட்டதில்லை, ஆனால் நியாயமாகத்தான் இருக்கிறது என்று பேனாவைக் கீழே வைத்தார்.

இப்படித்தான் அவருடைய கதை எங்களுக்குத் தெரிந்தது. அவர் ஊர் வர்ஜீனியா, புகையிலை விளையும் சீமை. அதைக் கேட்டதும் பவுனம்மாளுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அப்பா மாட்டுவண்டி ஓட்டியவர். தாத்தா அடிமை. அவரை ஒரு சந்தையில் ஒரு குதிரையோடு சேர்த்து விற்றார்கள், குதிரைதான் கூடுதல் விலைக்குப் போனது என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். பவுனம்மாள் அந்தக் குதிரையை வாங்கினவன் நாசமாய்ப் போயிருப்பான் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். டாக்டர் சிரித்தார்.

அதற்குப் பதிலாக அவள் சொன்னது: கல்யாணத்துக்கு முன்பே சாமி வந்துகொண்டிருந்தது. மேளம் இல்லாமல் வராது. வீட்டில் வந்ததே இல்லை.

"வீட்டுல வந்துச்சுன்னா அரிசி வாங்கியாந்து போட்டுட்டு ஆடச் சொல்லுவேன்னு அதுக்குத் தெரியும்" என்றாள்.

இத்தனை வேலை இருக்க மூளையை அறுக்கிற வேலைக்கு ஏன் போனீர்கள் என்று அடுத்துக் கேட்டாள். வேறு வேலை கொடுக்கவில்லை என்றார். வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிணக்கொட்டகையை யாரும் விரும்பவில்லை, அதனால் அவரை விட்டார்கள். போனபிறகுதான் அங்கே ஒரு மைக்ராஸ்கோப் இருப்பதைப் பார்த்தார். அதற்குப்பின் வெளியே வரவே மனசு வரவில்லை. செத்தவர்களின் மூளையை வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, உயிரோடு இருந்தபோது அவர்கள் ஏன் தங்கள் பிள்ளையின் பெயரை மறந்தார்கள், ஏன் இல்லாத ஆளோடு பேசினார்கள் என்று அதில் தேடுவார். ஜெர்மனி வரை போய்ப் படித்தார். பைத்தியம் என்பது சாபமில்லை, உடம்பில் வரும் நோய், அதைக் கண்ணால் பார்க்கலாம் என்று எழுதியதில் அவர் பெயர் வெளியே தெரிந்தது. நோயாளியைக் கட்டிப்போட்டுக் கண்டுபிடிக்கவே முடியாது, உட்கார்ந்து பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் சொல்லிவந்தார். அந்த வேலைக்கு வந்த முதல் கறுப்பர் அவர். அடுத்தவர் வர வெகுகாலம் பிடித்தது.

பவுனம்மாளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. மூளையிலே சாதி தெரியுமா?

தலை நரைக்கும்வரை பார்த்துவிட்டேன், இதுவரை தெரியவில்லை என்றார்.

அப்படியானால் அந்த ஆஸ்பத்திரிக்கு இந்நேரம் நீங்கள்தானே தலைவர் என்றாள். இல்லை, நான் சொல்லிக்கொடுத்த பையன்கள் தலைவர்களாகிவிட்டார்கள் என்றார். அவமானம் தெரியாதா, ஏன் அங்கேயே கிடந்தீர்கள் என்று அவள் கோபித்துக்கொண்டாள். மைக்ராஸ்கோப் அங்கேதானே இருந்தது என்றார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் நான் எழுத்தறிவித்த ஒருத்திதான் இப்போது தலைமை ஆசிரியை.

கல்யாணம் ஆகவில்லை என்று அவர் சொன்னபோதுதான் பவுனம்மாள் உண்மையாகவே ஆடிப்போனாள். தாத்தா அடிமை என்பதற்குக்கூட அவள் இப்படி வாயில் கை வைக்கவில்லை. பிறகு திரும்பி என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்து ஏதோ சொன்னாள். அதை மொழிபெயர்க்க நான் மறுத்துவிட்டேன். என்ன சொன்னாள் என்று டாக்டர் கேட்டார். வெயிலைப் பற்றி என்றேன்.

இந்தப் பண்டமாற்று நடந்துகொண்டிருந்தபோது மதராஸ் கப்பல் ஆற்றில் வந்து நங்கூரம் போட்டுவிட்டது. கடைசி முறை போனபோது பவுனம்மாள் கேலி பேசவில்லை. முந்தானையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அன்று எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார். சாமி வரும்போது அவரை யார் பிடித்துக்கொள்கிறார்கள்?

"நான்தான். வேற யாரு? இடுப்புல துண்டக் கட்டி, பின்னால நின்னு புடிச்சுக்குவேன். இல்லாட்டி தீயில விழுந்துருவாரு."

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவர் அம்மாவுக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாட்டு ஏறினால் பரிசுத்த ஆவி இறங்கும். தெருவில் நாலு பேர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கும் அந்த அம்மாள் அப்போது பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு ஆடுவாள். சித்தி பின்னால் வந்து நின்று தோள்களைப் பிடிப்பாள். சித்திக்கு உடம்பு சரியில்லாத வாரம் அம்மாவுக்கு ஆவி இறங்காது. உடன் படித்த வெள்ளைக்கார டாக்டர்கள் இதை ஒரு நோயின் பெயர் சொல்லி எழுதினார்கள். நோய்க்கு யார் பின்னால் நிற்கிறார்கள் என்று பார்த்து வரத்தெரியுமா என்று அவர் கேட்டார்.

"அன்றைக்கு லாத்தா தெருவில் நீங்கள் இல்லை. அப்படியானால் அவரைப் பிடித்தது யார்?"

டாக்டர் அப்பாசாமியை அழைத்துவரச் சொன்னார். அவர் வந்து, ஆஸ்பத்திரியில் கயிற்றுப்பாய் பின்னிச் சிவந்த கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மனைவியை நிமிர்ந்து பார்க்க வெட்கம். எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"யாரோ பின்னாலேருந்து துண்டப் புடிச்சாங்கய்யா" என்றார். "அவதான் வந்துட்டான்னு நெனச்சேன்."

பவுனம்மாள் அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. துபாஷி அழக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

மறுநாளே தச்சர் சங்கத்தில் போய் விசாரித்தோம். சிங்க வேஷம் இரண்டு பேர் போடுவது. ஒருவர் தலையைத் தூக்கி ஆடுவார், மற்றவர் துணிக்குள் குனிந்து, முன்னால் இருப்பவரின் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு வாலாகப் பின்தொடர்வார். வாலுக்குக் கண் தெரியாது. அன்று கூட்டம் நெருக்கியதில் வால்காரர் பிடியை விட்டுவிட்டார். தடவித்தடவி ஒரு துணி கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தலைக்காரர் இன்றைக்கு என்ன இப்படி ஆடுகிறார் என்று அவருக்கே சந்தேகம் வந்ததாம். ஆனாலும் விடவில்லை. விட்டிருந்தால் அப்பாசாமி டிராமுக்கு அடியில் போயிருப்பார்.

ஒரு பக்கம் மேளம், பின்னால் துண்டைப் பிடிக்க ஆள். கருப்பசாமி வேறு என்னதான் செய்வார்?

துரை இதைக் கேட்டு முதலில் நம்பவில்லை. அந்தக் கட்டுரையின்மேல் இருந்த மரியாதைக்காக ஒரு சோதனைக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி முற்றத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நாற்காலி போட்டுச் சுருட்டோடு உட்கார்ந்தார். பக்கத்தில் செட்டியார், வேண்டாவெறுப்பாக. அப்பாசாமியை நடுவில் உட்காரவைத்து இடுப்பில் துண்டு கட்டினார்கள். சிங்கத்தோடு வந்திருந்த தச்சர் சங்கத்துச் சீனர்கள் மேளத்தை அடித்த அடியில் வார்டு ஜன்னல் எல்லாம் முகங்கள் முளைத்தன.

அப்பாசாமி அசையவில்லை. மேளம் வேகமெடுத்தது. அவர் தரையில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். செட்டியார் தொடையில் தட்டிக்கொண்டார். சீனன் மேளத்துக்குச் சாமி வராது, நான் அப்போதே சொன்னேனே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அன்று ஆடியது பைத்தியம், இன்று அடங்கியிருக்கிறது, அவ்வளவுதானே என்று துரையும் கேட்டார். டாக்டர் பவுனம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் போய்ப் பின்னால் நின்று துண்டைப் பிடித்தாள். அப்பாசாமி திரும்பிப் பார்த்தார். யார் என்று தெரிந்துகொண்டார். அப்புறம் எழுந்தார் பாருங்கள், எழுந்தது விஞ்சு டிரைவர் அல்ல. முற்றத்தில் புழுதி பறந்தது. பவுனம்மாள் அவர் இழுத்த இழுப்புக்கு ஓடி, குறுக்கே காலை ஊன்றி, அவரை ஒரு நாற்காலிமேலும் விழவிடாமல் திருப்பிக்கொண்டு வந்தாள். கருப்பசாமி நேராகத் துரையிடம் வந்து கையை நீட்டினார். துரை வாயிலிருந்த சுருட்டை எடுத்துத் தாமே கொடுத்துவிட்டார். அது மரியாதையா பயமா என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது செட்டியார்.

"ஏன்டா, என்னையவா பைத்தியம்னு சொன்ன?"

செட்டியார் அங்கவஸ்திரத்தோடு புழுதியில் விழுந்தார். விழுந்த வேகத்தில், சாமி எந்த மேளத்துக்கும் வரலாம் என்று அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

டாக்டர் கையைக் காட்டினார், மேளம் நின்றது. அப்பாசாமியும் நின்றார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். தன் விஞ்சை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டார்களா என்று கவலையோடு விசாரித்தார். துரை வேறு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, ஆளை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். பவுனம்மாளுக்கு நான் அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஏற்கெனவே புருஷனின் முகத்தை முந்தானையால் துடைத்து, இளைத்துப் போனதற்குத் திட்ட ஆரம்பித்திருந்தாள். திட்டி ஓய்ந்ததும் டாக்டரிடம் வந்தாள்.

"அன்னிக்கு அவரு கேட்டதுக்குப் பதில் சொன்னேன்ல? நான் ஒண்ணு கேக்கணுமே, அது பாக்கி இருக்கு. இவரு ஆளு யாரு? இவரு விழுந்தா யாரு புடிப்பாங்கன்னு கேளுங்க."

கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த மனிதர் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டு நின்றார். யாருமில்லை, அதனால்தான் விழாமல் பார்த்துக்கொண்டேன் என்று கடைசியில் சொன்னார். பவுனம்மாளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அதற்குள் சிங்கத் தலைக்காரர், ஆரம்பித்த ஆட்டத்தை முடிக்காமல் போனால் வருஷம் முழுக்க ஆகாது என்று பர்மிய மொழியில் முறையிட்டார். துரை தலையாட்டினார். மறுபடியும் மேளம் எழுந்தது. சிங்கம் முற்றத்தைச் சுற்றி வந்தது. ஜன்னல் முகங்கள் கைதட்டின. டாக்டர் மரத்தடியில் தனியாக நின்றார். தொப்பியை இரண்டு கையாலும் தலையில் அழுத்திப் பிடித்திருந்தார். அவருடைய வலது தோள் மேளத்தோடு சேர்ந்து குலுங்கியது. அவர் அதை அடக்கினார். இடது தோள் குலுங்கியது. அது அவருடைய அம்மாவின் தோள் என்று எனக்குப் பட்டது.

எனக்கு முன்னால் பவுனம்மாள் பார்த்துவிட்டாள். அப்பாசாமியின் இடுப்பிலிருந்து துண்டை உருவி என்மேல் எறிந்தாள்.

"டீச்சரம்மா, போயி அவரு பின்னால நில்லுங்க."

எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்றேன். செட்டியார் பார்க்கிறார் என்றேன்.

"சும்மா நிக்கிறதுக்கு என்ன பழக்கம் வேணும்? போங்க."

போனேன். துரையையும் செட்டியாரையும் தாண்டிப் போய் டாக்டருக்குப் பின்னால் ஓர் எட்டுத் தள்ளி நின்றேன். துண்டு என் கையில்தான் இருந்தது. அவர் திரும்பவில்லை. யார் என்று மட்டும் இங்கிலீஷில் கேட்டார்.

"நான்தான்" என்றேன், தமிழில்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தார்.